கடைமடைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு மடல்

ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல், பழையகாயல், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து இந்த வருடம் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

காலையில் ஆத்தூர் பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்க்கிறேன். பாதிப் பேர் தூத்துக்குடிக்கு, மீதிப் பேர் திருச்செந்தூருக்கு. பஸ் வருவதற்குள் ஒருவர் நோட்டை ஒருவர் வாங்கி அசைன்மென்ட் எழுதுகிறீர்கள். போன வாரம் ஒரு பிள்ளையின் நோட்டு என் கண்ணில் பட்டது. மூன்று வரிசை, மூன்று நிரல் கொண்ட ஓர் அணி. அதன் கீழே இரண்டு பக்கத்துக்கு வேலை. கடைசியில் கோடு போட்டு மூன்று ஐகன் மதிப்புகள். கணக்கு சரியாக இருந்தது. “இது எதுக்கும்மா?” என்று கேட்டேன். “இன்டர்னல்ல கேப்பாங்க சார்” என்றாள்.

அந்தப் பதிலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பணியில் பாதி தூரம் வந்திருந்த ஒரு நாளில், புன்னைக்காயல் பையன் ஒருவன் வகுப்பில் எழுந்து நின்றான். வள்ளத்தில் கடலுக்குப் போகும் வீடு. அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். “சார், இந்த ஐகன் மதிப்பக் கண்டுபிடிச்சு என்ன செய்யிறது?” என்று கேட்டான். பாடம் முடிக்க இன்னும் இரண்டு யூனிட் இருந்தது. “அது பதினாறு மார்க்குப்பா. ஸ்டெப்ப விடாம எழுது, போதும்” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாளில் மூன்று முறை அரியர் வைத்தான். மூன்றாம் வருடம் படிப்பை விட்டுவிட்டான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த மடலில் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குறை. பிளஸ் டூ கணிதத்தின் முதல் தொகுதியில் முதல் பாடம் அணிகளும் அணிக்கோவைகளும். இரண்டாம் தொகுதியில் பத்தாவது பாடம் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். நடுவில் எட்டுப் பாடம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரியிலும் அப்படியே. அணிகள் ஒரு யூனிட்டில் வரும். வகைக்கெழுச் சமன்பாடுகள் பெரும்பாலும் வேறொரு செமஸ்டரில் வரும். முதலாவதில் எண்களைக் கட்டம் கட்டி வைக்கிறோம், இரண்டாவதில் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பின்தொடர்கிறோம் என்ற அளவில் மனத்தில் பதிகிறது. இது தவறு என்று அழுத்திச் சொல்கிறேன். இரண்டும் ஒரே பாடம். எம்.ஐ.டி.யில் 2023 வரை பாடம் எடுத்த கில்பர்ட் ஸ்ட்ராங் இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாக 2014-ல் எழுதினார். ஆனால் நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை போனால் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69. காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் கொட்டியது, நம் மாவட்டத்துக்கு ஒரு வருடத்துக்கு உரிய மழையைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். பலர் மொட்டை மாடியில் இரவைக் கழித்தீர்கள்.

மழை விட்டது. தண்ணீர் வடியவில்லை. பக்கத்துக் கொடிக்கால்காரர் ஒருவர் வரப்பில் ஒரு கம்பை ஊன்றி, தினமும் காலையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் அரிவாளால் ஒரு கீறல் போட்டு வந்தார். வெற்றிலைக் கொடியின் வேரில் தண்ணீர் நின்றால் தாங்காது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 2023-ல்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அதே வருடக் கடைசியில் கொடி தண்ணீருக்குள் நின்றது. “எப்ப வடியும் வாத்தியாரே?” என்று கேட்டார். நான் கம்பைப் பார்த்தேன். முதல் இரண்டு கீறலுக்கு நடுவே நாலு விரற்கடை. அடுத்ததற்கு மூன்றரை. அதற்கடுத்து மூன்று. கீறல்கள் கீழே இறங்க இறங்க நெருங்கிக்கொண்டே போயின.

அந்தக் கம்புதான் வகைக்கெழுச் சமன்பாடு. எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அது குறைகிறது. நிறைய இருந்தால் வேகமாகக் குறையும், கொஞ்சம் இருந்தால் மெதுவாகக் குறையும். குறையும் வீதம் இருப்பின் ஒரு பங்கு. இந்த ஒரே வாக்கியத்தைத்தான் பிளஸ் டூ புத்தகம் கதிரியக்கச் சிதைவு என்றும், ஆறும் காபிக்கு நியூட்டன் விதி என்றும், உப்புக் கரைசல் கலவைக் கணக்கு என்றும் வேறு வேறு வேஷம் போட்டுக் காட்டியது.

ஆனால் அந்தக் கொடிக்கால் தனியாக இல்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. தென்கால் தண்ணீர் கடம்பாகுளத்துக்கு வந்து, அங்கிருந்து மறுகால் பாய்ந்து கீழ்க்குளம், அதற்கும் கீழ்க்குளம் என்று சங்கிலியாக இறங்குகிறது. நாம் கடைமடை. மேலே இருப்பவன் விட்டால்தான் நமக்கு. மேலே உடைந்தாலும் நமக்குத்தான்.

மூன்று குளம் வைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. பெரிய குளம் மெதுவாக வடியும், சின்னது வேகமாக வடியும் என்பது மட்டும் ஊர் வழக்கம். மேல்குளத்திலிருந்து நாளொன்றுக்கு இருப்பில் பத்தில் ஒரு பங்கு என்ற வீதத்தில் மறுகால் பாய்ந்து நடுக்குளத்துக்கு வருகிறது. நடுக்குளத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வீதத்தில் கடைசிக் குளத்துக்கு. கடைசிக் குளத்திலிருந்து இரண்டில் ஒரு பங்கு வீதத்தில் கடலுக்கு. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: போவது கழித்தல், வருவது கூட்டல்.

−1/10   0   0
1/10   −1/3   0
0   1/3   −1/2

இதுதான் அணி. உங்கள் நோட்டில் இருப்பது போன்ற அதே மூன்றுக்கு மூன்று. இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஊர் உண்டு. மூலைவிட்டத்தில் இருப்பவை அந்தந்தக் குளம் தானாக வடியும் வேகம். அதற்குக் கீழே இருப்பவை மேலிருந்து வரும் வரத்து. மூலைவிட்டத்துக்கு மேலே ஏன் எல்லாம் பூச்சியம்? தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. கீழ்க்குளம் மேல்குளத்துக்கு ஒன்றும் தருவதில்லை. ‘கீழ் முக்கோண அணி’ என்று புத்தகத்தில் படித்தீர்களே, அது பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீரின் வடிவம்.

முக்கோண அணிக்கு ஐகன் மதிப்புகள் மூலைவிட்டத்து எண்களே என்று ஒரு விதி மனப்பாடம் செய்திருப்பீர்கள். இங்கே அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். குறைக்குறியோடு பத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று. ஒவ்வொரு குளமும் தனக்கென்று ஒரு வேகம் வைத்திருக்கிறது. ‘ஐகன்’ என்பது ஜெர்மன் சொல். ‘சொந்த’, ‘தனக்கே உரிய’ என்று பொருள். ஹில்பர்ட் 1904 வாக்கில் அந்தச் சொல்லைக் கணிதத்தில் இப்படிக் கையாண்டார். தமிழில் ‘தன்மதிப்பு’ என்று சொல்லிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது கொடிக்கால்காரரின் கேள்விக்கு வருவோம். மூன்று வேகங்களில் மூன்றில் ஒன்றும் இரண்டில் ஒன்றும் சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டு வாரத்தில் அவற்றின் சுவடு ஏறக்குறைய இருக்காது. மிஞ்சுவது மெதுவான வேகம் மட்டும், அதாவது மேல்குளத்தின் பத்தில் ஒன்று. அதற்குரிய ஐகன் திசையனைக் கணக்கிட்டால் 14, 6, 5 வரும். நீங்களே பெருக்கிப் பாருங்கள். இரண்டாவது வரியில் பத்தில் ஒன்று பெருக்கல் 14 என்றால் 1.4. அதில் மூன்றில் ஒன்று பெருக்கல் 6, அதாவது 2-ஐக் கழித்தால் −0.6. அது 6-இன் −1/10 மடங்கு. மூன்றாவது வரியில் 2 கழித்தல் 2.5, −0.5, அது 5-இன் −1/10 மடங்கு. மூன்று குளமும் 14-க்கு 6-க்கு 5 என்ற விகிதத்தில் கைகோத்துக்கொண்டு, ஒரே வேகத்தில் வடியும். முதல் நாள் எந்தக் குளத்தில் எவ்வளவு நின்றது என்பது முக்கியமில்லை. மேல்குளத்தில் தண்ணீர் இருந்தால் போதும், கடைசியில் எல்லாம் இந்த விகிதத்துக்கே வந்து சேரும்.

கடைசிக் குளம் தானாக விட்டால் ஒன்றரை நாளுக்குள் பாதி வடிந்துவிடும். ஆனால் சங்கிலியில் கட்டுப்பட்டிருப்பதால் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகிறது. மேல்குளத்தின் வேகம்தான் கடைமடையின் வேகம். நம் வாய்க்காலை எவ்வளவு தூர் வாரினாலும், மேலே இருக்கும் பெரிய குளம் வடியும் வரை நம் காலில் தண்ணீர் நிற்கும். “மேல வடியணும் அண்ணாச்சி, அப்பத்தான் நமக்கு” என்று அவரிடம் சொன்னேன். அது அவருக்கு முன்பே தெரியும். எத்தனை நாள் என்பதுதான் தெரியாது. எத்தனை நாள் என்று சொல்லத்தான் ஐகன் மதிப்பு. புன்னைக்காயல் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

அவன் ஊரிலேயே இதைவிடக் கடினமான கணக்கு இருக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். அங்கே ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வருகிறது. நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் ஆற்றை எதிர்த்து நிற்கப் போதும். அந்த நேரத்தில் கீழே இருப்பது மேலே தள்ளுகிறது. மூலைவிட்டத்துக்கு மேலே இருந்த பூச்சியத்தில் ஓர் எண் வந்து உட்காருகிறது. அணி முக்கோணமாக இல்லாமல் போகிறது. தன்மதிப்புகள் இனிமேல் மூலைவிட்டத்தில் தயாராக எழுதி வைத்திருக்காது, அணிக்கோவையை விரித்துத் தேட வேண்டும். இரண்டு பக்கத்துக்கு வேலை அங்கேதான் வருகிறது. கோடையில் முக்காணி வரை கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று உங்கள் அம்மாமார் சொல்லும்போது, அந்த மேல் மூலை எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கலிங்கல் மேல் வழியும் தண்ணீர் நான் சொன்னது போல் அப்படியே இருப்பின் பங்காக ஓடுவதில்லை. கலிங்கலுக்கு மேல் நிற்கும் உயரம் இரட்டித்தால் வழிவது இரட்டிப்பதில்லை, கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. உயரத்தின் ஒன்றரைப் படி என்பது நீரியல் பாடத்தில் பின்னால் வரும். அப்படியானால் நேரியல் என்று ஏன் எழுதுகிறோம்? இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வரும் என்பது நேரியலின் அடிப்படை. அது எங்கே நிற்கும், எங்கே உடையும் என்று தெரிந்து பயன்படுத்துவதுதான் படிப்பு.

நம் கரையில் இரண்டுக்கும் உதாரணம் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. உப்பு நேரியல். இரண்டு மூட்டைக்கு ஒரு மூட்டையின் விலை இரண்டு மடங்கு. முத்து நேரியல் இல்லை. முத்துச் சலாபத்தில் வியாபாரிகள் முத்தை மதித்த கணக்கு இப்படி: மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவது செவ்வு. செவ்வுக்குத்தான் விலை. ஒரு மஞ்சாடி முத்து ஒன்று என்றால் முக்கால் செவ்வு. இரண்டு மஞ்சாடி முத்து ஒன்று என்றால் மூன்று செவ்வு. எடை இரட்டிக்க மதிப்பு நான்கு மடங்கு. அதே இரண்டு மஞ்சாடி இரண்டு சிறு முத்துகளாக இருந்தால் ஒன்றரை செவ்வுதான். பெரிய முத்து அரிது என்ற அறிவை இருபடிக்குள் வைத்தார்கள் நம் முன்னோர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கணக்கைப் போடுபவர் இல்லை. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கணக்கு வெளியூரிலிருந்து இறக்குமதியாகி நமக்கு வந்தது என்ற எண்ணம் பல பிள்ளைகளின் மனத்தில் இருக்கிறது. இந்தக் கரை பல தலைமுறைக்கு இருபடிச் சமன்பாட்டை வியாபாரமாக நடத்திய கரை.

உப்பளத்துக்கே வாருங்கள். ஆறுமுகநேரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வீட்டுச் செய்தி. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி அடர்த்தியில் தெப்பத்துக்கு வருகிறது. உப்பு விளைவது ஏறக்குறைய 25 டிகிரியில். அளவுமானிக் கண்ணாடியைத் தண்ணீரில் விட்டு, அது மிதக்கும் இடத்தைக் குனிந்து பார்த்து ‘பதினாலு’ என்று சொல்வார்களே, அந்த எண்ணின் நடையைக் கவனியுங்கள். வெயில் ஒரே சீராகத் தண்ணீரைக் குடிக்கிறது என்று வைத்தால், மூன்றரையிலிருந்து ஏழுக்கு ஏறப் பாதித் தண்ணீர் போக வேண்டும். ஏழிலிருந்து பதினாலுக்கு ஏற இன்னொரு கால் பங்கு போதும். பதினாலிலிருந்து இருபத்தைந்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். தொடக்கத்தில் டிகிரி நகரவே மாட்டேன் என்கிறது, கடைசியில் ஓடுகிறது. தண்ணீர் கெட்டியாகக் கெட்டியாக ஆவியாவது மந்தப்படும் என்பதால் நடைமுறையில் அந்த ஓட்டம் கொஞ்சம் தணியும். தண்ணீர் குறைவது நேர்கோடு, டிகிரி ஏறுவது நேர்கோடு இல்லை. முதல் தெப்பம் ஏன் அவ்வளவு பரந்து கிடக்கிறது, கடைசிப் பாத்தி ஏன் சிறிதாக இருக்கிறது என்பதற்கு விடை இந்தச் சமன்பாட்டில் இருக்கிறது. அதை வெயிலில் நின்று கண்டுபிடித்தவர்கள் உங்கள் தாத்தாக்கள். எழுதிக் காட்டுவது உங்கள் முறை.

மீன்பிடித் தடைக்காலத்துக்கும் இதே குடும்பத்துச் சமன்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. முதல் உலகப் போரின்போது அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அந்தக் காலத்தில் மீன் தின்னும் சுறா இனங்களின் பங்கு சந்தையில் கூடியிருந்ததை உம்பர்ட்டோ டான்கோனா என்ற உயிரியலாளர் கண்டார். காரணம் கேட்டு மாமனார் வீட்டோ வோல்டெராவிடம் போனார். வோல்டெரா 1926-ல் இரண்டு சமன்பாடு எழுதினார்: இரை ஒன்று, இரையைத் தின்பது ஒன்று. சமநிலைக்கு அருகில் அதை நேரியலாக்கினால் இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று கிடைக்கும். அதன் தன்மதிப்புகள் கற்பனை எண்கள். கற்பனை எண் வந்தால் அலை என்று பொருள்: கூடிக் குறைந்து கூடும். கலப்பெண் பாடத்தை எதற்குப் படித்தோம் என்று கேட்டவர்களுக்கு, கடலில் மீன் கூடிக் குறைவதை எழுத அது வேண்டும்.

ஒரு மேளத்தோலுக்கும் தன்மதிப்புகள் உண்டு. அது எந்தெந்த சுருதியில் ஒலிக்கும் என்பதே அவை. சாதாரணத் தோலில் அவை ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் வெறும் சத்தமாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கருப்பு வட்டம் அவற்றை இழுத்து முழு எண் விகிதங்களுக்கு அருகில் கொண்டுவருகிறது, அதனால்தான் அது சுருதி சேர்கிறது என்று சி.வி. ராமன் 1920-லும் அதற்குப் பிறகும் ஆராய்ந்து காட்டினார். லயோலா கல்லூரியில் படித்த எஸ். மீனாட்சிசுந்தரம், சுவீடன் நாட்டு ஆக்கே ப்ளேயெலோடு சேர்ந்து 1949-ல் எழுதிய கட்டுரை, இத்தகைய தன்மதிப்புகளின் கூட்டத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை உலகத்துக்குச் சொன்னது. அந்த முடிவு இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அதே லயோலாவில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன் மாணவர்களுக்குப் புதிய கணிதத்தைத் திறந்துவிட்டார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மன் வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்தில் 1932-ல் பிறந்தவர். வகைக்கெழுச் சமன்பாடுகளில் தேற்றம் நிறுவியவர். கிராமத்துப் பிள்ளையால் முடியுமா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துபோன ஒன்று.

இனி மொழி. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் மாதத்தில் தோற்பது பெரும்பாலும் கணக்கில் இல்லை, சொல்லில். வகுப்பில் ‘மேட்ரிக்ஸ்’ என்றால் அது உங்கள் அணி. ‘ரேங்க்’ என்றால் அணித்தரம். ‘டிட்டர்மினன்ட்’ அணிக்கோவை. ‘இன்வர்ஸ்’ நேர்மாறு. ‘ஆர்டர்’, ‘டிகிரி’ என்றால் வரிசை, படி. ‘காஸியன் எலிமினேஷன்’ நீங்கள் பிளஸ் டூவில் போட்ட காஸ்ஸியன் நீக்கல் முறைதான். காஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே சீனாவில் அதைக் குச்சிகளை வைத்துப் போட்டார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் தேவைப்படாது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன். தமிழ்வழியோ ஆங்கிலவழியோ, யோசிப்பதைத் தமிழில் யோசியுங்கள். பரீட்சையில் எந்த மொழியில் கேட்கிறார்களோ அந்த மொழியில் எழுதுங்கள்.

படிக்கும் முறை பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒரு கணக்கு போட்டு விடை வந்ததும் பேனாவை வைக்காதீர்கள். விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். மேலே 14, 6, 5-ஐ நாம் பெருக்கிப் பார்த்தோமே, அப்படி. பிறகு அந்த எண் எதன் வேகம், எதன் அளவு, எந்த அலகு என்று கேளுங்கள். குறைக்குறி வந்தால் வடிகிறது, கூட்டல்குறி வந்தால் பெருகுகிறது, கற்பனை வந்தால் ஆடுகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் இரண்டுக்கு இரண்டு அணிக்குச் சொந்தக் கையால் நிறுவிப் பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல் வகுப்புகளும் ஸ்ட்ராங்கின் வகுப்புகளும் போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வகுப்பைப் பார்த்தால் அன்றைக்கே நாலு கணக்கு போடுங்கள். பார்ப்பது மட்டும் படிப்பாகாது.

இந்த மடலைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐகன் மதிப்பு நடத்தும் வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், மூன்று குளக் கணக்கைப் பலகையில் போடுங்கள். யூனிட் முடியாமல் போகாது. நான் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. அதன் விலையை ஒரு பையன் கொடுத்தான்.

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால் அந்த இடம். நம் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். அங்கே மண் அள்ளவும் காவல் காக்கவும் நம் பக்கத்து ஆட்கள் போவார்கள், போகட்டும், எந்த வேலையும் குறைவில்லை. ஆனால் எரிபொருள் குறையக் குறைய வேகம் எப்படி ஏறும் என்று எழுதும் மேசையிலும் இந்தக் கடைமடையின் பிள்ளை ஒருத்தி உட்கார வேண்டும். அந்த மேசைக்குப் போகும் வழி, பஸ் நிறுத்தத்தில் நீங்கள் பார்த்து எழுதும் அந்த நோட்டு வழியாகப் போகிறது. அதனால் பார்த்து எழுதாதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். திண்ணையில் பலகை வைத்திருக்கிறேன். கொடிக்கால்காரர் அந்தக் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டார். கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு ஸ்கேல் கொண்டு வாருங்கள், அளந்து அந்த வடிகாலின் தன்மதிப்பைக் கண்டுபிடிப்போம். அரியர் வைத்தவர்கள், படிப்பை நிறுத்திவிட்டவர்கள் யாரும் வரலாம். புன்னைக்காயலில் இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இந்த மடலைப் படித்து, அந்தக் கேள்வியைக் கேட்டது தான்தான் என்று தெரிந்துகொண்டால், தம்பி, நீயும் வா.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார்,
ஆத்தூர்.